பழைய அமெரிக்க ஸ்டேஷன் வேகன்: பின்பக்கம் பார்க்காமல் வாங்காதீர்கள்

கார் பார்க்கப் போனால் முதலில் என்ன செய்வோம்? போனட்டைத் திறக்கச் சொல்வோம். நானும் அதைத்தான் செய்தேன். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஒரு சோளக்காட்டு ஓரம், பெரிய மர ஷெட். உள்ளே 1973 ஓல்ட்ஸ்மொபில் கஸ்டம் க்ரூஸர் என்ற ஸ்டேஷன் வேகன், அதாவது கூரை கடைசிவரை நீண்டு பின்னால் சரக்குக்கும் இடம் வைத்த குடும்பக் கார், கப்பல் மாதிரி நின்றது. 455 கன அங்குல வி8 இஞ்சின், நம் கணக்கில் ஏறக்குறைய ஏழரை லிட்டர். விற்பவர் சாவியைத் திருப்பினார். ஒரே கிராங்கில் பிடித்துக்கொண்டது. அந்த உறுமலைக் கேட்டதும் என் புத்தி வேலை செய்வதை நிறுத்திவிட்டது. அரைமணி நேரம் இஞ்சினையே சுற்றிச் சுற்றி வந்து, பின்பக்கம் போய் ஒரு தட்டு தட்டிப் பார்த்துவிட்டுக் காசை எண்ணிக் கொடுத்தேன்.

மூன்றாவது வாரம் மழை பெய்தது. ஸ்டெப்னி இருக்கும் குழியில் கை வைத்தால் மணிக்கட்டு வரை தண்ணீர். அடியில் தகரம் கரிந்த அப்பளம் போல நொறுங்கியது.

இந்த வண்டிகளை வாங்குவதில் உள்ள பெரிய தவறு இதுதான். மற்ற தவறுகளில் பாதி இதன் பிள்ளைகள்.

ஸ்டேஷன் வேகனின் முன்பாதி ஊர்ச்சொத்து. ஃபோர்டு கன்ட்ரி ஸ்கொயர் என்றால், முன்பக்கம் அந்த வருடத்துப் பெரிய ஃபோர்டு செடானேதான். ஓல்ட்ஸ்மொபில் விஸ்டா க்ரூஸர் என்றால் முன்பக்கம் அதே கம்பெனியின் கட்லஸ் கார். அந்த செடான்களும், கூப்பே என்னும் இரண்டு கதவுக் கார்களும் லட்சக்கணக்கில் ஓடியவை. கார்புரேட்டர், வாட்டர் பம்ப், ஸ்டார்ட்டர், பிரேக் சிலிண்டர் எல்லாம் இன்றும் புதிதாகச் செய்து விற்கிறார்கள். இஞ்சின் கெட்டுப்போனால் பணம் போகும், அவ்வளவுதான். காலை ஆர்டர் போட்டால் வார இறுதிக்குள் வாசலில் டப்பா வந்து கிடக்கும்.

பின்பாதிக்குத்தான் ஆளில்லை. பின்கதவு, அதன் கண்ணாடி, கடைசிப் பக்கத்து நீளக் கண்ணாடி, அதைச் சுற்றிய ரப்பர் பீடிங், சரக்குப் பகுதியின் பக்கப் பலகை, மூன்றாவது சீட்டின் கீல், மேற்கூரை கேரியர்: இவை வேகனுக்கு மட்டுமே உரியவை. பெரும்பாலானவற்றை யாரும் புதிதாகச் செய்வதில்லை. வேண்டுமென்றால் இன்னொரு செத்த வேகனைத் தேடிப் போக வேண்டும். அவையும் குறைவு. இந்த வண்டிகளை யாரும் பொத்திப் பொத்தி வைக்கவில்லை. பிள்ளைகள் வாந்தியெடுத்து, நாய் பிராண்டி, சிமென்ட் மூட்டை ஏற்றி, கடைசியில் மோதி உடைக்கும் டெமாலிஷன் டெர்பி மைதானத்தில் உயிரை விட்டவை ஏராளம். கனத்த உடம்பு, நீண்ட பின்பகுதி, பின்னால் இடித்து இடித்து விளையாட வாகு. கூப்பே கார்களை ஷெட்டில் போர்த்தி வைத்தவர்கள்கூட வேகனைத் தெருவில் விட்டார்கள்.

ஆகவே வண்டியைச் சுற்றும் திசையை மாற்றிக்கொள்ளுங்கள். பின்னாலிருந்து ஆரம்பித்து முன்னால் வாருங்கள். சரக்குப் பகுதியின் கார்ப்பெட்டைத் தூக்குங்கள். பல வேகன்களில் வலப்பக்கப் பின்சக்கரத்துக்குப் பின்னால், பக்கச்சுவருக்குள் ஸ்டெப்னி நிற்கும். அந்த மூடியைக் கழற்றி டார்ச் அடியுங்கள். பின்கதவின் கீழ் விளிம்பை விரலால் வருடுங்கள். கூரை கேரியரின் ஸ்க்ரூ ஒவ்வொன்றும் கூரையில் ஒரு ஓட்டை என்பதை நினைவில் வைத்து, உள்கூரைத் துணியில் பழுப்புக் கறை தெரிகிறதா என்று அண்ணாந்து பாருங்கள். பின்சக்கர வளைவுக்கு ஒரு சின்னக் காந்தம் போதும். பட்டி பார்த்த இடத்தில் அது ஒட்டாது.

கதவு எந்த ரகம் என்று பார்க்காமல் வாங்குவது

வெளியிலிருந்து பார்ப்பவருக்கு எல்லா வேகனும் ஒன்றுதான். உள்ளே ஒவ்வொரு கம்பெனியும் பின்கதவில்தான் தன் வித்தையைக் காட்டியது.

1966இல் ஃபோர்டு ஒரு கதவு கொண்டுவந்தது. பெயர் மேஜிக் டோர்கேட். கீழே சாய்த்தால் மேசை, பக்கவாட்டில் இழுத்தால் கதவு. ஒரே இரும்புக்கு இரண்டு விதமான கீல். அருமையான யோசனை, பிறகு மற்றவர்களும் அதைப் பின்பற்றினார்கள். ஆனால் அந்தக் கதவு கனம். ஐம்பது வருடம் ஒரு பக்கமாகத் தொங்கினால் கீல் தேய்ந்து இறங்கிவிடும். இரண்டு விதமாகவும் திறந்து மூடிப் பாருங்கள். மூடும்போது தூக்கிப் பிடித்து அழுத்த வேண்டியிருந்தால் விலையில் பேசுங்கள்.

என் ஓல்ட்ஸ்மொபிலைச் செய்த ஜெனரல் மோட்டார்ஸ் வேறு வழியில் போனது. 1971 முதல் 1976 வரை அதன் பெரிய வேகன்களில் வந்த கதவை இங்கே கிளாம்ஷெல் என்பார்கள், அதாவது கிளிஞ்சல். சாவியைத் திருப்பினால் கண்ணாடி மேலேறிக் கூரைக்குள் போய்விடும். கீழ்க்கதவு தரைக்கு அடியில் வழுக்கிக்கொண்டு மறையும். பின்னால் சுவர் ஒட்டி நின்றாலும் திறக்கலாம். முதன்முதல் பார்ப்பவர் வாய் பிளக்காமல் இருக்க முடியாது. என் பக்கத்து வீட்டுப் பெரியவர் மூன்று முறை திறந்து மூடச் சொன்னார்.

அந்த வித்தைக்குப் பின்னால் மோட்டார், பல்சக்கரம், தடம், சுவிட்ச் என்று ஒரு திருவிழாக் கூட்டமே இருக்கிறது. எல்லாம் மண்ணும் உப்பும் தெறிக்கும் இடத்தில். தடத்தில் துரு ஏறினால் மோட்டார் திணறும். திணறும் மோட்டாரை அழுத்தினால் பல் உடையும். என் வண்டியில் கண்ணாடி பாதி வழியில் நின்று, மேலேயும் போகாமல் கீழேயும் வராமல் இரண்டு மாதம் பிளாஸ்டிக் ஷீட் ஒட்டி ஓட்டினேன். கடைசியில் கோளாறு மோட்டாரில் இல்லை. பழைய கிரீஸ் இறுகி மெழுகாகிப் போயிருந்தது. மண்ணெண்ணெய் போட்டுக் கழுவிப் புது கிரீஸ் வைத்ததும் சத்தமில்லாமல் ஏறியது. மோட்டாரை மாற்ற வேண்டும் என்று சொன்ன ஒரு ஒர்க்‌ஷாப்புக்கு அதற்குள் காசு கொடுத்திருந்தேன்.

இதில் யாரும் முன்கூட்டிச் சொல்லாத ஒன்று உண்டு. பழைய வேகனின் கவர்ச்சியே பின்கதவைச் சாய்த்து, அதில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டு, ஏரிக்கரையில் எலுமிச்சை சாதம் சாப்பிடுவது என்று நான் கற்பனை செய்து வைத்திருந்தேன். கிளாம்ஷெல் வண்டியில் அந்தக் கதவே காணாமல் போய்விடும். உட்கார ஒன்றும் இருக்காது. வாங்கின பிறகுதான் உறைத்தது. உங்கள் கனவில் உட்கார்ந்து சாப்பிடுவது வருகிறதென்றால் ஃபோர்டு பக்கம் போங்கள்.

1964 முதல் 1972 வரை வந்த விஸ்டா க்ரூஸரில் வேறொரு சங்கதி. நடு சீட்டுக்கு மேல் கூரையை உயர்த்திச் சாயக் கண்ணாடி பதித்திருப்பார்கள். உள்ளே உட்கார்ந்தால் வானம் தெரியும். அந்தக் கண்ணாடியைச் சுற்றிய ரப்பர் காய்ந்தால் வானத்தோடு மழையும் வரும். கண்ணாடியில் விரிசல் இருந்தால் மாற்றுக் கண்ணாடி எங்கே கிடைக்கும் என்று தெரிந்துகொண்ட பிறகே முன்பணம் கொடுங்கள்.

எந்த ரகமாக இருந்தாலும், கதவுக்குள் போகும் மின்கம்பி கீல் பக்கத்தில் ஆயிரம் முறை மடங்கி விரிந்திருக்கும். ரப்பர் உறைக்குள்ளேயே செம்பு அறுந்திருக்கும், வெளியே தெரியாது. பின்கண்ணாடி இறங்காவிட்டால் முதலில் அங்கே பாருங்கள். மேஜிக் டோர்கேட்டில் கண்ணாடியை உள்ளே இறக்காமல் கதவைக் கீழே சாய்க்க முடியாது என்பதால், ஒரு அறுந்த கம்பி உங்கள் கதவைப் பாதி ஊமையாக்கிவிடும்.

மரத்தை நம்புவது

பக்கவாட்டில் மரம் பதித்த கார் என்றதும் நம் ஆட்கள் தேக்கா, ரோஸ்வுட்டா என்று கேட்பார்கள். பெரும்பாலும் ஸ்டிக்கர். மரத்தின் போட்டோ.

ஆதியில் நிஜ மரம்தான். ரயில் நிலையத்தில் இறங்குபவரையும் பெட்டி படுக்கையையும் ஏற்றிப் போன வண்டி என்பதால்தான் ஸ்டேஷன் வேகன் என்ற பெயரே. 1929இல் ஃபோர்டு மாடல் ஏ வேகனை விற்க ஆரம்பித்தபோது, மிச்சிகன் மாநிலத்தின் வடக்கே அயர்ன் மவுன்டன் ஊரில் கம்பெனிக்குச் சொந்தக் காடும் மர ஆலையும் இருந்தன. மேப்பிள் சட்டம், நடுவே மெல்லிய பலகை, மேலே வார்னிஷ். 1946இல் வில்லிஸ் ஜீப் வேகனும் 1949இல் பிளைமவுத் சபர்பனும் முழுக்க இரும்பு உடம்போடு வந்தன. அதோடு மரத்தின் காலம் முடிய ஆரம்பித்தது. ஃபோர்டு கன்ட்ரி ஸ்கொயரில் 1950, 51இல் மரம் இருந்தது. அதன்பின் அந்தப் பெயர் 1991 வரை ஓடியது, பலகைக்குப் பதிலாக வினைல் படலத்தோடு. டை-நாக் என்று அதைச் சொல்வார்கள்.

இரண்டிலும் தவறு செய்யலாம். நிஜ மரம் வாங்கினால் நீங்கள் பாதி ஆசாரி ஆக வேண்டும். அந்தச் சட்டம் அலங்காரத்துக்கு வைத்தது இல்லை, கதவையும் கூரையையும் தாங்குவது அதுதான். மூட்டுகளில் ஈரம் புகுந்தால் உள்ளுக்குள் மக்கும், மேலே வார்னிஷ் பளபளக்கும். ஒரு கூர்மையான ஊசியை மூட்டில் அழுத்திப் பாருங்கள். வெண்ணெயில் போவது போலப் போனால் திரும்பிப் பார்க்காமல் நடங்கள். வெயிலில் நிறுத்தாமல், வருடா வருடம் வார்னிஷ் பார்த்துக்கொள்ளப் பொறுமை இல்லாதவருக்கு இது வேண்டாத வேலை.

வினைல் வாங்கினால் ஏமாற்று வேறு மாதிரி. துருவை மறைக்க அதைவிட நல்ல போர்வை கிடையாது. புதிதாக வினைல் ஒட்டின வண்டி என்றால் அடியில் என்ன இருந்தது என்று போட்டோ கேளுங்கள். இல்லையென்றால் விரல் முட்டியால் தட்டுங்கள். தகரம் ஒரு சத்தம் தரும், பட்டி ஒரு சத்தம் தரும். தேங்காய் தட்டி வாங்கத் தெரிந்தவருக்கு இதைச் சொல்லிக்கொடுக்க வேண்டாம். கொப்புளம் கொப்புளமாக உப்பியிருந்தால் பசை விட்டதாகவும் இருக்கலாம், கீழே துரு பூத்ததாகவும் இருக்கலாம். பெரும்பாலும் இரண்டும்.

இன்னொரு தப்பு: "இந்தக் கோமாளி மரம் எனக்கு வேண்டாம், உரித்துவிட்டுப் பெயிண்ட் அடித்துவிடலாம்" என்று கிளம்புவது. வினைலைச் சுற்றியுள்ள சட்டத்தைப் பிடித்துவைக்க உடம்பில் வரிசையாக ஓட்டை போட்டிருப்பார்கள். அத்தனையையும் அடைத்து, டிங்கரிங் பார்த்து, ஐம்பது வருட வெயில் படாத பெயிண்ட்டை மற்ற பக்கத்துப் பெயிண்ட்டோடு ஒத்துப்போக வைக்க வேண்டும். கடைசியில் வண்டி முழுக்க பெயிண்ட் என்று முடியும். தவிர, மரம் போன வேகனை வாங்க வருபவர் குறைவு. கோமாளி மரம்தான் அதன் முகம்.

"வெயில் ஊர் வண்டி" என்றதும் தலையாட்டுவது

பனி பெய்யும் மாநிலங்களில் சாலைக்கு உப்பு போடுவார்கள். உப்புத் தண்ணீர் அடிப்பாகத்தைத் தின்னும். இதனால் அரிசோனா வண்டி, தெற்கு கலிஃபோர்னியா வண்டி என்றால் இங்கே விலை கூடுதல். நியாயம்தான். ஆனால் வெயில் வேறு வேலை செய்திருக்கும். டேஷ்போர்டு வெடித்திருக்கும், கண்ணாடி ரப்பர் அத்தனையும் கட்டையாகியிருக்கும், வினைல் வெளிறி வாழைச்சருகு நிறத்துக்கு வந்திருக்கும். வேகனுக்குக் கண்ணாடி அதிகம், கண்ணாடி அதிகமென்றால் ரப்பரும் அதிகம். காய்ந்த ஊரில் ஒழுகாத வண்டி மிச்சிகன் வந்த முதல் மழையில் ஒழுகும்.

இருந்தாலும் இரண்டில் ஒன்று என்றால் நான் வெயில் வண்டியையே எடுப்பேன். ரப்பரைத் தேடலாம். உடம்பும் சேஸிஸும் சேரும் இடத்து மவுன்ட்டுகள் மக்கிப்போன வண்டியை என்ன செய்வது?

கடைசி சீட்டில் பிள்ளைகளை ஏற்றுவது

இதில் விளையாட்டு வேண்டாம். பழைய வேகன்களின் மூன்றாவது சீட் பலவற்றில் பின்னோக்கி இருக்கும். ஃபோர்டில் பல வருடம் எதிரெதிராகப் பக்கவாட்டில் இரண்டு குட்டி பெஞ்சுகள். என் கஸ்டம் க்ரூஸரில் முன்னோக்கியே இருக்கிறது. எந்தப் பக்கம் பார்த்தாலும், பின்னால் வரும் லாரிக்கும் பிள்ளையின் தலைக்கும் நடுவில் ஒரு தகரக் கதவுதான். அந்தக் காலத்து வண்டிகளில் பின்சீட்டுக்கு இடுப்பு பெல்ட் இருந்தாலே பெரிது. சைல்டு சீட்டை மாட்டும் கொக்கிகள் அமெரிக்கக் கார்களில் முழுமையாகக் கட்டாயமானது 2002இல். பின்னோக்கிய சீட்டிலோ பக்கவாட்டு சீட்டிலோ சைல்டு சீட்டை வைக்கக் கூடாது என்று அதன் கையேடே சொல்லும்.

என் மகள் அந்தக் கடைசி சீட்டுக்காகவே இந்த வண்டியை விரும்பினாள். நின்ற வண்டியில் உட்கார்ந்து படம் வரையலாம் என்று ஒப்பந்தம். வண்டி நகர்ந்தால் நடு சீட். அதற்கும் பெல்ட்டைத் தகுந்த ஆள் வைத்துச் சோதித்து மாற்றின பிறகு, பக்கத்துச் சாலைகளில் மட்டும்.

அதோடு ஒட்டியது அடுத்த தவறு, நான் செய்தது. ஜூலை மாதம், ஏசி வேலை செய்யவில்லை. காற்று வரட்டும் என்று பின்கண்ணாடியைக் கூரைக்குள் ஏற்றிவிட்டு நாற்பது நிமிடம் ஓட்டினேன். "அப்பா, பெட்ரோல் பங்க் வாசனை வருது" என்றாள் மகள். எனக்கு நெற்றியில் வலி ஆரம்பித்திருந்தது. வெயில் என்று நினைத்தேன். பெட்டி போல முடியும் பின்பக்கத்துக்குப் பின்னால் காற்று சுழன்று உள்வாங்கும். சைலன்சர் புகை அந்தச் சுழலில் மாட்டி, திறந்த பின்கண்ணாடி வழியாக நேரே உள்ளே வரும். வாசனை வந்ததால் தப்பித்தோம். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது. வண்டி ஓடும்போது பின்கண்ணாடி மூடியே இருக்க வேண்டும். கூரையின் பின்விளிம்பில் சில வேகன்களுக்கு ஒரு வளைந்த தகடு இருக்கும். அழகுக்கு என்று நினைத்துக் கழற்றிவிடாதீர்கள். காற்றைக் கீழே திருப்பிக் கண்ணாடியை அழுக்குப் படியாமல் வைக்க அது. கண்ணாடியைத் திறந்து ஓட்ட அது அனுமதிச் சீட்டு இல்லை. சைலன்சர் குழாயில் பொத்தல் இருந்தால் மற்ற எல்லா வேலைக்கும் முன்னால் அதைப் பாருங்கள்.

அளவெடுக்காமல், கேட்காமல், படிக்காமல்

எழுபதுகளின் நடுவில் வந்த பெரிய பியூக், ஓல்ட்ஸ்மொபில் வேகன்கள் 19 அடிக்கு மேல். இங்கே சாதாரண வீட்டு கராஜின் ஆழம் 20 அடி. டேப் எடுத்துக்கொண்டு நின்ற என்னிடம் வீட்டுக்காரி கேட்டாள், "என்னங்க, கதவு மூடுமா?" மூடியது. அரிசி மூட்டையும் ஊறுகாய் ஜாடியும் வைத்திருந்த ஷெல்ஃப் அடித்தளத்துக்குப் போனது. இப்போது பம்பருக்கும் சுவருக்கும் நடுவில் நான் பக்கவாட்டாக நடக்கிறேன்.

எடை 5,000 பவுண்டைத் தாண்டும், அதாவது 2,270 கிலோவுக்கு மேல். கேலனுக்கு 10, 12 மைல் கிடைத்தால் சந்தோஷப்படுங்கள். லிட்டருக்கு நாலோ ஐந்தோ கிலோமீட்டர். இதைப் பார்த்து முகம் சுளிப்பவர் இந்தப் பக்கமே வர வேண்டாம். 1973 எண்ணெய் நெருக்கடியும் 1975இல் வந்த மைலேஜ் சட்டமும் 1984 மாடலாக வந்த க்ரைஸ்லர் மினிவேனும்தான் இந்த வம்சத்தை முடித்தன. அதே சட்டம் ஜீப் மாதிரி வண்டிகளை லாரி இனத்தில் சேர்த்துத் தளர்வு கொடுத்தது. கடைசியில் எல்லோரும் அதே அளவுக்குப் பெரிய எஸ்யூவி வாங்கினார்கள். இந்த வேடிக்கையைப் பற்றித் தனியாகவே எழுதலாம்.

குதிரைத்திறனை ஒப்பிட்டுச் சண்டை போடாதீர்கள். 1971 வரை இஞ்சினைத் தனியாக மேடையில் ஏற்றி அளந்த எண்ணை விளம்பரத்தில் போட்டார்கள். 1972இலிருந்து சைலன்சர், ஃபேன், ஆல்டர்னேட்டர் எல்லாம் மாட்டி அளந்த எண். அதனால் அதே இஞ்சின் காகிதத்தில் திடீரென்று இளைத்துப்போனது போலத் தெரியும். ஈயமில்லாத பெட்ரோலுக்காக 1971 வாக்கில் கம்ப்ரஷனைக் குறைத்ததால் கொஞ்சம் நிஜமாகவே இளைத்ததும் உண்டு.

பெட்ரோல் என்றதும் ஒன்று. இப்போதைய பெட்ரோலில் பத்து சதவீதம் எத்தனால். பழைய ரப்பர் ஹோஸை அது ஊறவைத்து இளக்கும். வருடக்கணக்கில் நின்ற வண்டி என்றால் டேங்கிலிருந்து கார்புரேட்டர் வரை எல்லா ஹோஸையும் மாற்றிய பிறகே ஓட்டுங்கள். சூடான இஞ்சின் மேல் பெட்ரோல் சொட்டினால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை. டயரின் பக்கத்தில் இருக்கும் எண்ணின் கடைசி நாலு இலக்கம் அது செய்யப்பட்ட வாரமும் வருடமும். பட்டன் தேயாமல் புதிது போல இருக்கும் பதினைந்து வருட டயர் இந்த எடைக்குக் கீழே வெடிக்கும். மாற்று டயர் சுலபம், பெரிய வேகன்கள் பலவற்றுக்கு 235/75 ஆர்15 பொருந்தும். லாரி டயர்க் கடையிலும் கிடைக்கும்.

காகிதத்தில் இருக்கும் வண்டி எண்ணையும் முன்கண்ணாடிக்குக் கீழே டேஷ்போர்டில் இருக்கும் எண்ணையும் ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிடுங்கள். 17 எழுத்து எண் 1981இல்தான் வந்தது. அதற்கு முன் ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு வழக்கம். ஜெனரல் மோட்டார்ஸில் 1972 முதல் 13 எழுத்து. ஐந்தாவது எழுத்து எந்த இஞ்சினோடு வண்டி பிறந்தது என்று சொல்லும். என் காகிதத்தில் இரண்டு எண் இடம் மாறியிருந்தது. அதைத் திருத்த நான் ஏறி இறங்கிய படிகளை எண்ணவில்லை. இன்ஷூரன்ஸில் முன்கூட்டியே பேசி முடித்த மதிப்புக்குப் பாலிசி எடுங்கள். சாதாரண பாலிசியில் இது ஒரு ஐம்பது வருடப் பழைய கார், அவ்வளவே.

ஒரேயடியாகப் பிரித்துப் போடுவது

வாங்கின உற்சாகத்தில் சீட்டைக் கழற்றி, பலகையைக் கழற்றி, கதவைக் கழற்றி, கராஜ் முழுக்கப் பரப்பிவிட்டு, பிறகு வேலை மாறி ஊர் மாறி, "பாதி முடிந்த ப்ராஜெக்ட்" என்று விற்பவர்கள் ஏராளம். வேகனில் இது இன்னும் மோசம். கூப்பேயைவிடத் தகரமும் கண்ணாடியும் சீட்டும் அதிகம், சந்தை விலை பெரும்பாலும் குறைவு. மூன்று வரிசை சீட்டுக்குத் துணி மாற்றினாலே ஒரு சின்னக் கார் விலை வந்து நிற்கும். போட்ட பணம் திரும்பி வரும் என்ற எண்ணத்தோடு தொடங்கினால் மனசுதான் கெடும். 1955 முதல் 57 வரை வந்த இரண்டு கதவு ஷெவர்லே நோமாட் போன்ற சிலதுக்கு வேறு கணக்கு. அது நம் பட்ஜெட்டும் கிடையாது.

ஒரு நேரத்தில் ஒரு வேலை. வண்டி எப்போதும் ஓடும் நிலையில் இருக்கட்டும். முதலில் பிரேக், அடுத்து பெட்ரோல் வழி, அடுத்து ஒழுகல். அழகு கடைசி.

வாரத்தில் ஐந்து நாள் ஓட்ட வேண்டும் என்பவர் எழுபதுகளின் வண்டியை வாங்குவதே தவறு. அவருக்கு 1991 முதல் 96 வரை வந்த பியூக் ரோட்மாஸ்டர் எஸ்டேட் இருக்கிறது. ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன், ஏபிஎஸ், டிரைவருக்கு ஏர்பேக், நடு சீட்டுக்கு மேல் கண்ணாடி, பக்கத்தில் போட்டோ மரம், பின்னோக்கிய மூன்றாவது சீட் எல்லாம் உண்டு. 1994இலிருந்து எல்டி1 என்ற 260 குதிரைத்திறன் வி8. டெக்சாஸின் ஆர்லிங்டன் ஆலையில் 1996இல் கடைசி வண்டி வெளிவந்ததும் பெரிய அமெரிக்க வேகனின் கதை முடிந்தது. அதற்கும் ஒரு எச்சரிக்கை: எல்டி1 இஞ்சினில் ஆப்டிஸ்பார்க் என்ற டிஸ்ட்ரிபியூட்டர் வாட்டர் பம்ப்புக்கு நேர் கீழே உட்கார்ந்திருக்கும். பம்ப் கசிந்தால் அதன் தலையில் அபிஷேகம். அதனால் இதில் மட்டும் போனட்டையும் கொஞ்சம் கவனமாகத் திறங்கள்.

இத்தனை சொல்லியும் இந்த வண்டியில் அப்படி என்னதான் இருக்கிறது என்று கேட்பவர்கள் உண்டு. அமெரிக்கர்கள் தங்கள் பிள்ளைப் பருவம் என்பார்கள். எனக்கு அந்தப் பருவம் இங்கே இல்லை. குலதெய்வம் கோயிலுக்கு ஒரு அம்பாசடரில் பதினொரு பேர் போனோம். மாவிளக்குத் தாம்பாளம் என் மடியில், பாட்டி என் தோளில். ஆட்கள் ஏறியபின் சாமானுக்கு இடமில்லை, சாமான் ஏறியபின் எனக்கு இடமில்லை. அந்த ஓல்ட்ஸ்மொபிலின் மூன்றாவது சீட்டை நிமிர்த்திப் பார்த்த பிறகும் அதற்குப் பின்னால் இடம் மிச்சமிருந்தது. அன்றைக்கு அந்தப் பதினொரு பேரையும் மனசுக்குள் உட்கார வைத்துப் பார்த்தேன். அந்த நேரத்தில்தான் ஸ்டெப்னிக் குழியைப் பார்க்க மறந்தேன் என்பதும் உண்மை.

போன மாதம் ஒஹையோவிலிருந்து திருச்சித் தம்பி ஒருவன் போன் செய்தான். "அண்ணே, 78 கன்ட்ரி ஸ்கொயர் ஒண்ணு பார்த்திருக்கேன். இஞ்சின் கும்முனு ஓடுது."

"பின்கதவு ரெண்டு விதமாவும் திறக்குதா?"

கொஞ்ச நேரம் சத்தமில்லை. "அதைப் பார்க்கலையேண்ணே."

சனிக்கிழமை இருவரும் போனோம். விற்பவரிடம் கூச்சப்படாமல் இரண்டு வாளித் தண்ணீர் கேட்டேன். விநோதமாகப் பார்த்தார், கொடுத்தார். கூரை கேரியர் மேலும் பின்கண்ணாடி ஓரத்திலும் நிதானமாக ஊற்றினோம். கால்மணி நேரம் வானிலையைப் பற்றிப் பேசினோம். பிறகு தம்பி மண்டியிட்டு, பக்கப் பலகையைக் கழற்றி, ஸ்டெப்னிக்கு அடியில் தோள்பட்டை வரை கையை விட்டான். கொஞ்சம் மணல், ஒரு சருகு, பச்சை பிளாஸ்டிக் போர்வீரன் பொம்மை ஒன்று. கை காய்ந்திருந்தது.

அதற்கப்புறம்தான் போனட்டைத் திறந்தோம்.